4417 இன்னும் வரவில்லை

செங்கரடு ஃபேக்டரியில் செய்த ரிவால்வர்களில் முதலாவது வீடு திரும்பியது ஓர் ஆடி மாதப் புதன்கிழமை. காலை ஆறு மணிச் சங்கு ஊதி அடங்கியிருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கும் அமலோற்பவம் வாசல் தெளிக்க வாளியும் கையுமாகக் கதவைத் திறந்தால், படிக்கட்டில், குழாய் முழுக்கச் செம்மண்ணும் கைப்பிடி இடுக்கில் ரெண்டு நெருஞ்சி முள்ளுமாக, வா என்று யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிற உறவுக்காரனைப் போல அது கிடந்தது. அவள் கூச்சல் போடவில்லை. கூச்சல் போடுகிற ஜாதியும் இல்லை அவள். வாளியை இறக்கி வைத்தாள், முந்தானையால் மண்ணைத் துடைத்தாள், அதன் இரும்புச் சட்டத்தின் இடப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கடுகளவு வட்டத்துக்குள் 31 என்று இருந்தது. அது அவள் நம்பர்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் தலையும் புரியாது காலும் புரியாது. அந்த ஃபேக்டரியில் சோதனை பார்க்கிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நம்பர் முத்திரை கொடுத்திருப்பார்கள், விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு உளி. துப்பாக்கியை அளந்து பார்த்து, திருப்தி என்றால், சட்டத்தில் அந்த உளியை வைத்து ஒரே ஓர் அடி. அதோடு அந்தத் துப்பாக்கிக்கு அவர்தான் பொறுப்பு, அது எந்த ஊர் போனாலும், எவர் இடுப்பில் தொங்கினாலும். உளியைக் கடன் கொடுக்கக் கூடாது, தொலைக்கக் கூடாது, கக்கூசுக்குப் போனாலும் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். புருஷன் பேரை மறந்தாலும் நம்பரை மறக்கக் கூடாது என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள். அமலோற்பவத்தின் புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது, மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் அவளும் அவள் நம்பரும்தான் பாக்கி.

அந்த வாரமே பக்கத்து வீட்டு நூருல்லா பாய் வாசலில் மூன்று. பன்னிரண்டாம் நம்பர் அவருடையது. அடுத்த வாரம் பி பிளாக்கில் பதினொன்று, சி பிளாக்கில் இருபது, மழை விட்ட மறுநாள் காலனி முழுக்க நூற்று நாற்பது. அவை நடந்து வந்ததை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கும்போது சும்மாதான் கிடக்கும், ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தால் நாலு முழம் முன்னால் கிடக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒன்று பஸ் படிக்கட்டிலேயே வந்துவிட்டது, கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்து அதன் டிரிகரில் சொருகி அனுப்பியிருந்தார், நல்ல மனுஷன். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி முதலில் சல்யூட் வைப்பதா, தடுப்பதா என்று முழித்தார், அப்புறம் விசிட்டர் நோட்டில் நேரம் மட்டும் எழுத ஆரம்பித்தார்.

மனுஷனுக்கு எதுவும் பழகிவிடும். ஒரு மாசத்தில் அதுவும் பழகிவிட்டது. நூருல்லாவின் மனைவி மெஹ்ராஜ் கூழ்வற்றல் போட்ட வேட்டியின் நாலு மூலையிலும் நாலு ரிவால்வரைப் பாரம் வைத்தாள், ஐந்தாவதின் கைப்பிடியால் கருப்பட்டி உடைத்தாள். காற்றுக்கு அடித்துக்கொள்கிற கதவுகளுக்கெல்லாம் முட்டுக் கிடைத்தது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பையனின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "அவங்கப்பா வாசல்ல எத்தனை கெடக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பத்துக்குள் என்றால் காப்பி குடிப்பார்கள், ஐம்பது என்றால் ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுந்துவிடுவார்கள். ஒன்பதாம் நம்பர் சூசைமாணிக்கம் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, அவருடையவை வழி விசாரிக்காமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவர் மேலே வரிசையாகப் படுத்துக்கொண்டன. அவர் சம்சாரம் சாயங்காலம் சாயங்காலம் அங்கே போய், "உசுரோட இருந்தப்ப ஒரு நாள் நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பியாய்யா? இதுங்க வருது பாரு" என்று திட்டிவிட்டு, திட்டி முடித்து அழுதுவிட்டு வருவாள்.

அமலோற்பவம் மட்டும் தன்னிடம் வந்தவற்றைப் பாரமாகவும் வைக்கவில்லை, முட்டாகவும் வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அடுப்படியில் பழைய பேப்பரை விரித்துப் பிரித்துப் போட்டாள். எல்லாவற்றிலும் ஒரு கோளாறு இருந்தது. ஒன்றில் ஸ்பிரிங் அப்பளமாகியிருந்தது, இன்னொன்றில் சிலிண்டரின் அறை குழாய்க்கு நேராக நிற்காமல் நூலளவு ஒதுங்கி நின்றது, மூன்றாவதில் சிலிண்டர் சுவரிலேயே தலைமுடி மாதிரி ஒரு விரிசல், அதன் மேல் பாலிஷ் போட்டுப் பளபளவென்று மறைத்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு தோட்டா சுட்டிருந்தால் பிடித்தவன் கை போயிருக்கும். ஆனால் சுடவில்லை. அதற்கு முன்னால் அது கிளம்பி வந்துவிட்டது. வந்தது எல்லாமே அப்படித்தான், ஒன்றுகூட ஒருத்தரைக் காயப்படுத்திவிட்டு வரவில்லை. ஏழாவதைப் பிரித்து முடித்தபோது அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "மாதாவே, இதுங்க தப்புப் பண்றதுக்கு முன்னாடி தப்பிச்சு ஓடி வருதுங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவை அப்படி ஆனதில் ரகசியம் எதுவும் இல்லை. ஓர் ஆளுக்கு நாளுக்குப் பன்னிரண்டு துப்பாக்கி என்றிருந்தது இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. இரும்பு எங்கிருந்தோ மலிவாக வந்தது. ஸ்பிரிங்கை வெளியே காண்டிராக்ட் விட்டார்கள், அவன் கட்டில் ஸ்பிரிங் செய்கிறவன். அளக்கிற கேஜ்கள் தேய்ந்து தேய்ந்து எதை நுழைத்தாலும் சரி என்று தலையாட்டின. நல்ல கேஜ் சிலவற்றைச் சரிபார்க்க வெளியூருக்கு அனுப்பினார்கள், அவை போனவை போனவைதான். எல்லாப் பிரிவிலும் ஆளைக் குறைத்தார்கள், பாலிஷ் பிரிவில் மட்டும் கூட்டினார்கள். இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது, அதை எந்தப் புண்ணியவான் எழுதினானோ தெரியாது: ஒரு துப்பாக்கியைத் தள்ளுவதென்றால் எந்தக் கேஜில் என்ன அளவு என்று எழுதித் தர வேண்டும், ஏற்றுக்கொள்வதென்றால் ஒன்றும் எழுத வேண்டாம், உளியை வைத்து ஓர் அடி அடித்தால் போதும்.

4417 என்று வரிசை எண் போட்ட ரிவால்வர் அப்படித்தான் போனது. போன வருஷம் மார்ச் முப்பத்தொன்று, சாயங்காலம் நாலு மணி, வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது, அமலோற்பவத்தின் மேசையில் இன்னும் நாற்பது பாக்கி. ரிவால்வரின் சுத்திக்கும் தோட்டாவுக்கும் நடுவே நகக்கண் அளவு ஒரு தகடு நிற்கும். டிரிகரை இழுத்தால்தான் அது விலகும், மற்ற நேரமெல்லாம் குறுக்கே நின்று காவல் காக்கும், துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது. 4417-ஐ எடுத்துச் சுத்தியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தகடு குறுக்கே வரவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். வரவில்லை. அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

வொர்க்ஸ் மேனேஜர் தாண்டவமூர்த்தி பின்னாலேயே நின்றிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, மேலே இருந்து ஃபோன் வந்தால் காதைவிட முதுகு முதலில் வளைகிற மனுஷன்.

"என்ன அமலோற்பவம், அதை ஏன் ஒதுக்குறீங்க?"

"தகடு ஏறல சார்."

"எந்த கேஜ்ல பாத்தீங்க?"

"கேஜ் ரெண்டு வருஷமா இல்லியே சார். கைக்குத் தெரியுது."

"கைக்குத் தெரியுதுன்னு நான் ஃபைல்ல எழுத முடியுமா? அளவு இல்லாம ரிஜெக்ட் கெடையாது. அடிங்க. லாரிக்காரன் கத்துறான்."

அவள் அடித்தாள். அடித்த சத்தம் மற்ற சத்தங்களைப் போலத்தான் இருந்தது. மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் ஓடிப்போய் ஸ்டோரில் கேட்டாள், பெட்டி பெட்டியாக ஆணி அடித்து அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது துப்பாக்கிகள் ஊர் திரும்ப ஆரம்பித்ததும் காலனியில் ஒவ்வொருத்தரும் இன்றைக்கு நம் வாசலில் ஒன்றும் இருக்கக் கூடாதே என்று சாமி கும்பிட்டுக்கொண்டு கதவைத் திறக்க, அவள் ஒருத்தி மட்டும் இன்றைக்காவது அது வந்திருக்க வேண்டுமே என்று திறந்தாள். வந்துவிட்டால் போதும், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அந்த நாற்பதில் ஒன்றொன்றாக இருபத்தாறு வந்தன. 4417 வரவில்லை.

"இன்னிக்கும் வரலியாக்கா?" என்று நூருல்லா பாய் சுவருக்கு மேலே தலையை நீட்டுவார்.

"வரல பாய்."

"என் வீட்டுல வேணா ரெண்டு எடுத்துக்குங்க, அறுபத்து மூணு இருக்கு" என்பார் அவர். சிரிப்பு வராது. இருந்தாலும் அவள் சிரித்து வைப்பாள்.

அவள் தாண்டவமூர்த்தியிடம் போனாள், பிரித்துப் பார்த்ததையெல்லாம் சொன்னாள். கோளாறு இருப்பதுதான் வருகிறது, மற்றதை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்க்கலாம் சார் என்றாள். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு மேலே அனுப்பினார். மேலே ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி மூன்று நாள் கெஸ்ட் ஹவுஸில் தங்கி, மீன் குழம்பு சாப்பிட்டு, இரண்டு முடிவெடுத்தது.

முதல் முடிவு ஒரு நோட்டீஸ். செங்கரடு ரிவால்வர்கள் அன்போடும் அக்கறையோடும் செய்யப்படுவதால் அவற்றுக்குப் பிறந்த இடத்துப் பாசம் அதிகம் என்றும், அவை வீடு திரும்புவது வெறும் ஏக்கம்தான், பழுது அல்ல என்றும், வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாள் பிடித்து வைத்தால் பழகிவிடும் என்றும் எல்லா ஊர்ப் பேப்பரிலும் வந்தது. அதைப் படித்துவிட்டுக் காலனியில் நாலைந்து பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

இரண்டாவது முடிவு சங்கிலி. ரிவால்வர் கைப்பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும், போலீஸ்காரர்கள் கயிறு கோத்துக்கொள்வதற்கு. அந்த வளையத்தில் ஒரு சங்கிலியைப் பற்றவைத்துவிடுவது, மறு முனையில் விலங்கு மாதிரி ஒரு பூட்டு, அதற்குச் சாவி துப்பாக்கி வைத்திருப்பவரிடம். துப்பாக்கி எங்கேயும் போக முடியாது, கம்ப்ளெயின்ட்டும் வராது.

"இந்தச் சங்கிலி மட்டும் அறுந்துச்சுன்னா ஃபேக்டரி மானமே போச்சு" என்றார் தாண்டவமூர்த்தி. "அதனாலதான் உங்ககிட்ட ஒப்படைக்கச் சொன்னேன். இரும்பு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நாள் கணக்கு கெடையாது. சரியில்லன்னா தூக்கிப் போடுங்க, ஒரு பய உங்கள ஏன்னு கேக்க மாட்டான்."

தூக்கிப் போடுங்க! அந்த வார்த்தையைக் கேட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. இங்கேதான் அமலோற்பவம் சறுக்கினாள், அவளை வைது என்ன புண்ணியம், அவள் இடத்தில் நீங்களோ நானோ இருந்தாலும் சறுக்கியிருப்போம். நல்ல இரும்பு வந்தது. புதுக் கேஜ் ஆறு வந்தது, எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல். பத்துச் சங்கிலி செய்தால் ஒன்பதைத் தள்ளினாள், தள்ளியதை அளவு எழுதித் தள்ளினாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏற்றுக்கொண்ட ஒன்றிலும் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள், அப்புறம் இரண்டு மூட்டை, அப்புறம் நூருல்லா பாயை மூட்டை மேல் ஏறி உட்காரச் சொன்னாள். "அக்கா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று அலறிக்கொண்டே அவரும் உட்கார்ந்தார். சங்கிலி முனகக்கூட இல்லை. ஒவ்வொரு கண்ணியையும் தடவிப் பார்த்து, சந்தோஷமாக, ஆமாம், சந்தோஷமாகத்தான், 31 என்று அடித்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். காலையில் சர்ச்சில் பாட்டுப் பாடும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் எழும்பியது.

தை மாதத்தில் சங்கிலிகள் ஊர் ஊருக்குப் போயின, எந்தச் சங்கிலி எந்தத் துப்பாக்கிக்கு என்று லிஸ்ட்டோடு. லிஸ்ட்டைப் பார்த்துக் கட்டிக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. ராமநாதபுரம் பக்கத்துப் பெட்டிக்கு எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது, தாளின் நடுவில் அந்த நம்பர் இருந்தது. 4417.

அவள் விரல் அங்கேயே நின்றது. இதற்குச் சங்கிலி அனுப்பாமல் விட்டுவிடலாம். அனுப்பாவிட்டால் அது என்றைக்காவது கிளம்பி வந்துவிடும். ஆனால் ஒன்று குறைந்தால் கேள்வி வரும், ஏன் என்றால் கைக்குத் தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், தெரிந்தும் ஏன் அடித்தாய் என்று அடுத்த கேள்வி வரும், ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. இத்தனை மாசமாக வராதது ஒருவேளை நல்லாத்தான் இருக்கோ என்னவோ, நான்தான் அன்றைக்கு அவசரத்தில் பயந்துவிட்டேன் போல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு, இருந்ததிலேயே நல்ல சங்கிலியாக ஒன்றை எடுத்து, 4417 என்று அட்டையில் எழுதிக் கட்டிப் பெட்டியில் வைத்தாள்.

மாசிக்குள் துப்பாக்கிகள் வருவது நின்றது. காலனி பட்டாசு வெடித்தது, தள்ளிப்போன கல்யாணங்கள் மூன்று ஒரே முகூர்த்தத்தில் நடந்தன. பிடித்து வைத்தால் பழகிவிடும் என்று சொன்ன கமிட்டியின் புத்திசாலித்தனத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். அமலோற்பவம் மட்டும் ஆறு மணிச் சங்குக்குக் கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்ப்பதை விடவில்லை. பூட்டியது தானே, இனி வராது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தாள், ஏனென்றால் அது வந்துவிட்டால் தனக்கு மன்னிப்புக் கிடைத்த மாதிரி என்று உள்ளுக்குள் ஓர் ஆசை கிடந்தது.

சித்திரை பிறந்து நாலாவது நாள் கதவைத் திறந்தாள். இருந்தது.

தூக்கிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நம்பர் நிற்கிற இடத்திலிருந்தே தெரிந்தது. "வந்துட்டியா!" என்று கத்திவிட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி ஒருத்தரும் கேட்டதில்லை, நூருல்லா பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள், எடுத்தவள் எடுத்தபடியே நின்றாள். துப்பாக்கியோடு சங்கிலியும் வந்தது. சங்கிலி படியிறங்கி, வாசல் தாண்டி, கேட்டு வரைக்கும் போனது. கேட்டுக் கம்பியில் சாய்ந்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயசு இருக்கும், செருப்பு இல்லை, தாடி மண்டியிருந்தது. சங்கிலியின் பூட்டு அவன் மணிக்கட்டில் பூட்டியிருந்தது.

"அம்மா, இதான் இது வர வேண்டிய வீடாம்மா?" என்று கேட்டான். "இதுக்கு மேல இது நகரல."

அவன் பேர் சேதுராமு. அவன் மனைவி இந்துமதி ராமநாதபுரம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர். மெஹ்ராஜ் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பூட்டை மட்டும் கழட்டிவிடச் சொன்னான், கை வீங்கிவிட்டது என்றான். சாவி எங்கே என்று அமலோற்பவம் கேட்டாள்.

"தொலைஞ்சிரக் கூடாதுன்னு அவ மஞ்சக்கயித்துல கோத்துப் போட்டிருந்தா. பூவும் பொட்டுமா அனுப்புனப்ப கயித்தோட போயிருச்சு" என்றான். "ரெண்டு வாரங்கழிச்சு ஸ்டேஷன்லேருந்து இது தானா கெளம்பி ரோட்டுல போச்சு. நான் பின்னாடியே பிடிச்சுக்கிட்டு வந்தேன். கை அசந்து விட்டுரக் கூடாதுன்னு மாட்டி அமுக்குனேன். பதினோரு நாளு நடந்தோம்."

அமலோற்பவம் துப்பாக்கியைப் படிக்கட்டில் வைத்தாள், அவனையும் அங்கே உட்கார வைத்தாள். உள்ளே போய் அரம் எடுத்து வந்தாள், அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டை ஒட்டிய கண்ணியை அராவ ஆரம்பித்தாள். அதற்குள் காலனி கூடிவிட்டது. காலை நடைக்குப் போன தாண்டவமூர்த்தி கான்வாஸ் ஷூவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், துப்பாக்கியைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், முகம் வெளுத்தது. "அமலோற்பவம், எதுவும் பேச வேணாம். நான் ஆபீஸ்ல கூப்பிட்டுப் பேசிக்கிறேன்" என்றார்.

சேதுராமு அவரைப் பார்க்கவே இல்லை. அரம் போய் வருகிறதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"பெட்டியிலேயே கெடந்துச்சும்மா ரொம்ப நாளு. தை மாசந்தான் பெட்டிய ஒடச்சு, சங்கிலியப் பத்த வச்சு, அவகிட்டக் குடுத்தாங்க. சங்கிலி விழுந்த அன்னிலேருந்து ஒரு நாள் சும்மா இருக்கல, ஆள் பாக்குறாங்கன்னுகூடப் பாக்காம நகரும். விடிஞ்சா வாசப்பக்கம் இழுத்துக்கிட்டே நிக்கும். கட்டில் கால்ல ரெண்டு சுத்துச் சுத்தி வைப்போம், அப்பவும் இழுக்கும். எனக்குப் பாவமா இருக்கும். விட்டுரு புள்ள, ஊருக்குப் போவணும்னு ஏங்குதுன்னேன். சர்க்கார் சாமான் தொலைஞ்சா சஸ்பென்ட் பண்ணுவாங்கன்னா. நோட்டீஸ்ல போட்டிருந்தாங்கல்ல, வீட்டு ஏக்கந்தான், பழகிரும்னு. பழக்குனோம்."

மடியில் கிடந்த கையைக் கொஞ்சம் நகர்த்தி, அரத்துக்கு வாகாக வைத்தான்.

"அன்னிக்குக் காலையில அவ டூட்டிக்குக் குனிஞ்சு ஷூ மாட்டிக்கிட்டிருந்தா. இது கதவாண்ட போயிருச்சு. 'ஏங்க, போகுது பாருங்க, பிடிங்க'ன்னா. நாந்தாம்மா பிடிச்சேன். கன்னுக்குட்டிய இழுக்குற மாரி வெடுக்குன்னு இழுத்தேன். வந்து கட்டில் கால்ல பின்பக்கமா மோதுச்சு. அவ்வளவுதான்." அவன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஃபேக்டரிலேருந்து கடிதாசி வந்துச்சு, துப்பாக்கில கொறை ஒண்ணுமில்ல, கையாண்டதுலதான் தப்புன்னு. அதைக் கேக்கத்தான் வந்தேன். செஞ்சவங்களுக்குத்தானே தெரியும். நான் மெதுவா இழுத்திருந்தா வெடிச்சிருக்காதுல்லம்மா?"

தாண்டவமூர்த்தி கூட்டத்துக்கு மேலாகக் கையை உயர்த்தி வேண்டாம், வேண்டாம் என்று காட்டினார். அமலோற்பவத்துக்கு அது தெரிந்தது. ஓசூரில் இருக்கிற மகள் முகமும் வந்தது, போலீஸ் ஜீப்பும் வந்தது. அரத்தை நிறுத்தினாள்.

"நல்ல துப்பாக்கின்னா மாடியிலேருந்து தூக்கி வீசினாக்கூட வெடிக்காது தம்பி" என்றாள். "உள்ளே ஒரு தகடு குறுக்க நிக்கும். இதுல நிக்கல. நிக்கலன்னு எனக்குத் தெரியும். கட்டைவிரல வச்சு ரெண்டு தரம் பாத்தேன். பாத்துட்டும் ஏத்துக்கிட்டேன். இங்க பாருங்க, முப்பத்தொண்ணு, இது நான்தான். நீங்க எப்படி இழுத்திருந்தாலும், இழுக்காமலே இருந்திருந்தாலும், என்னிக்கோ ஒரு நாள் வெடிச்சிருக்கும். அதுக்கு ஏக்கமும் இல்ல, பாசமும் இல்ல தம்பி. பயம். கொன்னுருவோமோன்னு பயந்துதான் ஓடி வரப் பாத்துச்சு. எல்லாம் அப்படித்தான் ஓடி வந்துச்சுங்க. அது வர முடியாம சங்கிலி செஞ்சதும் நான்தான். உங்க மேல தப்பே இல்ல. தப்பு எம்மேல."

சொல்லி முடித்ததும் அவன் தன்னை அடிப்பான் என்று நினைத்தாள். அடிக்கட்டும் என்றும் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. வீங்கிய கை அவள் மடியிலேயே கிடந்தது. அதைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான், அது படிக்கட்டில் அசையாமல் கிடந்தது.

"மொதல்லயே சொல்லியிருந்தா," என்றான் கடைசியில். குரலில் கோபம் இல்லை, குழந்தை கேட்பதைப் போலக் கேட்டான். "கதவைத் தொறந்து விட்டிருப்பேனேம்மா."

மெஹ்ராஜ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அமலோற்பவம் குனிந்து மறுபடியும் அராவினாள். அரம் மழுங்கியது, நூருல்லா பாய் தன் வீட்டிலிருந்து வேறொன்று கொண்டு வந்து கொடுத்தார், அதுவும் மழுங்கியது. யாரோ ஹாக்ஸா பிளேடு கொண்டு வந்தார்கள், நாலு பிளேடு உடைந்தது. வேலைக்கான சங்கு ஊதியது, ஒருத்தரும் போகவில்லை. தாண்டவமூர்த்தி எப்போது கிளம்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறி, படிக்கட்டு சுட்டு, அவள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தண்ணீர் வடிந்து, மத்தியானச் சங்கும் ஊதியது. அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் விழவில்லை. அவ்வளவு நல்ல வேலை அது.